ஏன் என்னை மட்டும் தாக்குகிறது கணினி?

38-ஆவது சுற்றில் என் தம்பி மடிக்கணினியைப் படாரென்று மூடினான்.

கடந்த செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு மணி பத்து இருக்கும். அம்மா மறுநாள் தோசைக்கு மாவைக் கரைத்து வைத்துக்கொண்டிருந்தார். படிவம் 2 படிக்கும் தம்பி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிவிலைசேஷன் 6 ஆடிக்கொண்டிருந்தான். மூடிய சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது.

“என்னடா ஆச்சு?”

“போண்ணே. கம்ப்யூட்டர் ஏமாத்துது. அங்க எத்தனையோ பேரு இருக்காங்க. ஏன் எல்லாரும் என்னையே குறி வைக்கிறாங்க?”

சிரித்துவிட்டேன். நானும் இதே கேள்வியைக் கேட்டு, இதேபோல் மடிக்கணினியை மூடியவன்தான். எனக்குப் பதில் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அன்றிரவு அந்தப் பதிலைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். அவன் கேட்டது விளையாட்டைப் பற்றி மட்டுமல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது.

எறும்பு ஊரும் ஆட்டம்

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறிய அறிமுகம். சிட் மையர், புரூஸ் ஷெல்லி இருவரும் வடிவமைத்த சிவிலைசேஷன், 1991-இல் வெளிவந்தது. கி.மு. 4000-இல் ஆட்டம் தொடங்கும். உங்கள் கையில் ஒரு குடியேறியும் ஒரு போர்வீரரும் மட்டுமே இருப்பார்கள். அங்கிருந்து நகரம் அமைத்து, எழுத்தைக் கண்டுபிடித்து, சாலை போட்டு, விண்வெளிவரை போகலாம். சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. நீங்கள் நகர்த்தி முடித்த பிறகுதான் மற்றவர்கள் நகர்த்துவார்கள். விரல் வேகம் தேவையில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அப்படிப்பட்ட ஆட்டம்.

ஆறாம் பாகம் 2016-இல் வந்தது. 2025-இல் வந்த ஏழாம் பாகத்தில் சோழர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு அவ்வளவு வலிமை இல்லை. எனவே நாங்கள் இன்னும் ஆறிலேயே நிற்கிறோம்.

மற்ற நாடுகளை எல்லாம் கணினியே ஆளும். காந்தி, கிளியோபாட்ரா, கில்காமேஷ், மொண்டேசுமா என்று வரலாற்றுத் தலைவர்களின் முகத்தோடு அவர்கள் வந்து உங்களிடம் பேசுவார்கள். பேசிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் படையோடு வருவார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள்.

உண்மையிலேயே ஏமாற்றுகிறதா?

தம்பியின் குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. ஆட்டத்தில் எட்டு கடின நிலைகள் இருக்கின்றன. நான்காவதான ‘பிரின்ஸ்’ நிலையில் உங்களுக்கும் கணினிக்கும் ஏறக்குறைய ஒரே விதி. அதற்கு மேலே போகப் போக, கணினி எதிராளிகளுக்குச் சலுகைகள் கூடும். கடைசி நிலையான ‘டெய்ட்டி’யில் நீங்கள் ஒரு குடியேறியோடு தொடங்க, அவர்கள் மூன்று குடியேறிகளோடு தொடங்குவார்கள். அவர்களுடைய உற்பத்தியும் பொன்னும் 80 விழுக்காடு அதிகம். அறிவியல் 32 விழுக்காடு அதிகம். ஒவ்வொரு படைக்கும் போர் வலிமையில் 4 புள்ளிகள் கூடுதல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடின நிலை கூடினால் கணினி புத்திசாலி ஆகிவிடுவதில்லை. அதன் பை கனமாகிறது, அவ்வளவுதான். ஒரே மாதிரி யோசிக்கும் அதே எதிராளி, இன்னும் நிறைய ஆட்களோடு வருகிறான்.

“நீ எந்த நிலையில ஆடின?”

“டெய்ட்டி.”

“இது எத்தனாவது ஆட்டம்?”

“மூணாவது.”

யாரோ ஒருவர் காணொளியில் டெய்ட்டி நிலையில் அலட்டிக்கொள்ளாமல் வென்றதைப் பார்த்திருக்கிறான். அவர் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஆடியவர் என்பது காணொளியில் தெரியாதே! நீச்சல் தெரியாதவன் நேரே நடுக்கடலில் குதித்த கதைதான்.

ஆனாலும் அவன் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை. வரைபடத்தில் வேறு பலவீனமான அண்டை நாடுகளும் இருந்தன. மொண்டேசுமா ஏன் தம்பியைத் தேர்ந்தெடுத்தார்? மடிக்கணினியைத் திரும்பத் திறந்து, போருக்குச் சில சுற்றுகள் முன்பு சேமித்த ஆட்டத்தை எடுத்துப் பார்த்தோம். காரணங்கள் எல்லாம் திரையிலேயே இருந்தன.

கணினியின் கண்ணுக்குத் தெரிந்தவை

முதல் காரணம் படை. தம்பியிடம் இருந்தது ஒரு போர்வீரர், ஒரு வேவுக்காரர். திரையின் மேல் பட்டியில் ஒவ்வொரு நாட்டின் படை வலிமையையும் எண்ணாகப் பார்க்கலாம். அவன் அதைப் பார்த்ததே இல்லை. கணினி பார்த்துக்கொண்டே இருந்தது. மொண்டேசுமாவின் அஸ்டெக் நாட்டுக்குக் கழுகு வீரர் என்ற சிறப்புப் படை உண்டு. சாதாரண போர்வீரரின் வலிமை 20. கழுகு வீரரின் வலிமை 28. டெய்ட்டி சலுகையோடு சேர்த்தால் 32. இருபதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடக்கும் சண்டையின் முடிவைச் சொல்லவும் வேண்டுமா?

இரண்டாவது காரணம் தூரம். இரண்டாவது நகரத்தை மொண்டேசுமாவின் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான். “அங்கதாண்ணே நல்ல நிலம் இருந்துச்சு” என்றான். நல்ல நிலம்தான். அவருக்கும் அது நல்ல நிலம் என்பதுதான் சிக்கல். எல்லைக்கு அருகே நகரம் அமைத்தால் கணினித் தலைவர்கள் முகம் சுளிப்பார்கள். சில நேரம் “எங்கள் பக்கம் இனி குடியேறாதே” என்று நேரடியாகவே கேட்பார்கள். சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால், அது தனிக் கணக்காக ஏறும்.

மூன்றாவது காரணம் தேயிலை. இதுதான் தம்பியை வாய்பிளக்க வைத்தது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு கொள்கை உண்டு. மொண்டேசுமாவுக்குத் தம்மிடம் இல்லாத ஆடம்பரப் பொருள் அடுத்தவரிடம் இருந்தால் பிடிக்காது. தம்பி ஆசை ஆசையாகத் தேயிலைத் தோட்டம் போட்டிருந்தான். அவரிடம் தேயிலை இல்லை.

“இதுக்கா சண்டை?”

“இதுக்கு மட்டும் இல்ல. இதுவும் சேர்ந்து.”

கணினி அறிவியல் படிப்பவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். கணினி எதிராளிக்குக் கோபம், பொறாமை, வஞ்சம் எதுவும் கிடையாது. தலைவரின் முகத்தில் தெரியும் கோபம் வரைந்து வைத்த படம். பின்னால் இருப்பது கூட்டல், கழித்தல். எல்லை நெருக்கம் இத்தனை, பிடிக்காத செயல் இத்தனை, கொடுத்த பரிசு இத்தனை என்று கூட்டிக் கழித்து, ‘இவனோடு நட்பா, பகையா’ என்று முடிவு செய்கிறது. தலைவரின் பெயரைச் சொடுக்கினால், நம்மைப் பற்றி அவர் போட்டுவைத்திருக்கும் கணக்கில் பெரும்பகுதியை நாமே படிக்கலாம். எதிரி நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று எழுதி நம்மிடமே நீட்டுகிறான். நாம்தான் படிப்பதில்லை.

மற்ற தலைவர்களுக்கும் இப்படித் தனித்தனிக் குணம் உண்டு. சீனாவின் சின் ஷி ஹுவாங்குக்கு, உலக அதிசயங்களைத் தம்மைவிட அதிகமாகக் கட்டுகிறவரைப் பிடிக்காது. கிளியோபாட்ராவுக்குப் படை பலம் உள்ளவர்களைப் பிடிக்கும், இல்லாதவர்களை மதிக்க மாட்டார். சித்தியர்களின் அரசி டோமிரிஸ், நண்பனின் முதுகில் குத்துகிறவர்களை வெறுப்பார். கில்காமேஷுக்கு நீண்ட கால நட்பு வேண்டும். அவர் பக்கத்து வீட்டுக்காரராக அமைந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். மஜபாகித் அரசி கித்தார்ஜாவுக்குத் தீவுகள் எல்லாம் தமக்கே வேண்டும்.

காந்தியைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. முதல் விளையாட்டில் காந்தியின் மூர்க்க எண் 1 ஆக இருந்ததாம். மக்களாட்சிக்கு மாறியதும் அதிலிருந்து 2 கழிய, கணினி குழம்பி அதை 255 ஆக்கிவிட்டதாம். அதனால்தான் காந்தி அணுகுண்டு வீசினாராம். நானும் இதை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2020-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில், அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சிட் மையரே மறுத்துவிட்டார். ஐந்தாம் பாகத்தில்தான், காந்தியின் அணுகுண்டு விருப்பத்தை வேண்டுமென்றே மிக அதிகமாக வைத்தார்கள். அது வடிவமைப்பாளர்களின் குறும்பு. எனவே எதிராளியைப் பற்றிக் காதில் விழுந்த கதையை நம்பாதீர்கள். திரையில் இருப்பதைப் படியுங்கள்.

முதல் 30 சுற்றுகள்

மறுநாள் காலை புது ஆட்டம் தொடங்கினோம். ‘பிரின்ஸ்’ நிலை. தம்பி சுட்டியைப் பிடித்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, முதலில் சுற்றிப் பாருங்கள். வேவுக்காரரை அனுப்பி, அண்டை வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது நகரத்தை எங்கே வைப்பது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

இரண்டு, சந்தித்த உடனேயே தூதுக்குழு அனுப்புங்கள். 25 பொன்தான் செலவு. முதல் சந்திப்பில் அனுப்பினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். முகம் சிவந்த பிறகு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம்மில் பலர் அந்த 25 பொன்னை மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு நகரத்தையே இழக்கிறோம்.

மூன்று, கவண்காரர்களை உருவாக்குங்கள். மலிவான படை. ஒரு கவண்காரர் எதிரிப் படை ஒன்றை வீழ்த்தினால், வில்வித்தை ஆராய்ச்சிக்கு ஊக்கம் கிடைக்கும். அது முடிந்ததும் பொன் கொடுத்து அவர்களை வில்லாளிகளாக உயர்த்தலாம். கவண்காரர் பக்கத்துக் கட்டத்தைத்தான் தாக்குவார். வில்லாளி இரண்டு கட்டம் தள்ளித் தாக்குவார். மூன்று வில்லாளிகள் இருந்தால் தொடக்க காலப் போர்கள் பலவற்றைத் தாங்கிவிடலாம். அதைவிட முக்கியம், அவர்கள் இருப்பதாலேயே பல போர்கள் வராமல் போகும். மேல் பட்டியில் உங்கள் எண் ஏறுகிறது அல்லவா? கணினி அதைத்தான் பார்க்கிறது.

நான்கு, நாடற்ற கொள்ளைக்கூட்டத்தின் வேவுக்காரரை விட்டுவிடாதீர்கள். அவர் உங்கள் நகரத்தைப் பார்த்துவிட்டால் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி தோன்றும். முகாமுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டால், ஒரு கூட்டமே கிளம்பி வரும். போகும் வழியிலேயே மடக்க வேண்டும்.

ஐந்து, கண்டனத்தை அலட்சியம் செய்யாதீர்கள். முறைப்படி போர் அறிவிக்க விரும்பும் தலைவர் முதலில் உங்களைக் கண்டிக்க வேண்டும். கண்டித்து 5 சுற்றுகள் கழித்துத்தான் முறையான போரை அறிவிக்க முடியும். ஆகவே கண்டனம் என்பது உங்களுக்கு அடிக்கப்படும் மணி. அந்த 5 சுற்றுகளில் படைகளை எல்லைக்குக் கொண்டு வாருங்கள். முன்னறிவிப்பில்லாத திடீர்ப் போரும் உண்டு. அதைத் தொடுப்பவர்மேல் உலகத்துக்குக் கூடுதல் மனக்குறை ஏறும். 2019-இல் வந்த இணைப்புப் பாகத்தின் கணக்குப்படி, முறையான போருக்கு 100 மனக்குறைப் புள்ளிகள், திடீர்ப் போருக்கு 150. அதனால் உங்களுக்கு அந்த நேரத்தில் பயனில்லைதான். பின்னால் மற்றவர்களின் ஆதரவைப் பெற உதவும்.

நட்புக்கும் காலாவதி உண்டு

இனி நான் அடி வாங்கிய கதை. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு, விடுதி அறை, மறுநாள் காலை எட்டு மணிக்கு விரிவுரை. நள்ளிரவு தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தேன். 60-ஆவது சுற்றில் கிளியோபாட்ரா என்னோடு நட்பு அறிவித்தார். நட்பு அறிவிப்பு 30 சுற்றுகள் செல்லும். அதுவரை இருவரும் ஒருவர் மேல் ஒருவர் போர் தொடுக்க முடியாது. பாதுகாப்பு என்றால் இதுதான் பாதுகாப்பு என்று நிம்மதியாகப் படைகளை எல்லாம் கண்டத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டேன். வில்லாளிகள் செய்ய வேண்டிய இடத்தில் நூலகம் கட்டினேன்.

90-ஆவது சுற்றில் நட்பு முடிந்தது. அறிவிப்பு வந்தது, நான் கவனிக்கவில்லை. 93-ஆவது சுற்றில் கிளியோபாட்ராவின் தேர்கள் என் எல்லையில் நின்றன.

துரோகம் என்று அப்போது திட்டினேன். பிறகுதான் யோசித்தேன். அவருக்குப் படை பலம் இல்லாதவர்களைப் பிடிக்காது என்பது முதல் நாளிலிருந்தே திரையில் எழுதியிருந்தது. நான் அவர் கண்முன்னே படையைக் காலி செய்தேன். நட்பைப் புதுப்பிக்க நினைக்கவும் இல்லை. புதுப்பிக்கக் காசு கூடத் தேவையில்லை, ஒரு சொடுக்குப் போதும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். நட்பு அறிவித்த சுற்று எண்ணை ஒரு தாளில் குறித்து வைப்பேன். 30 சுற்று முடியும் நேரத்தில் போய்க் கேட்பேன். மறுத்தால், ஏதோ நடக்கப்போகிறது என்று புரிந்துகொள்வேன். மேலும், ஒரே நண்பரை நம்பி இருப்பதில்லை. நகர அரசுகளுக்குத் தூதர்களை அனுப்பி, அவற்றின் காவலன் என்ற தகுதியைப் பெற்றால், போர் வரும்போது அவையும் நம் பக்கம் நிற்கும்.

பரமேஸ்வரா அனுப்பிய தூதுக்குழு

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி, “இது செஜாரா பாடம் மாதிரியே இருக்கு” என்றான். உண்மைதான். இடைநிலைப்பள்ளியில் வரலாற்றை மலாய் மொழியில் மனப்பாடம் செய்து எழுதிய நமக்கு, மலாக்காவின் கதை நன்றாகத் தெரியும். ஆனால் அதை ஓர் ஆட்டமாகப் பார்த்ததில்லை.

ஏறக்குறைய 1400-இல் மலாக்கா ஒரு சின்னஞ்சிறு துறைமுகம். வடக்கே சயாம். தெற்கே மஜபாகித். இரண்டுமே மலாக்காவைவிடப் பல மடங்கு பெரியவை. ஆட்டத்தின் மொழியில் சொன்னால், படை வலிமைப் பட்டியலில் கடைசி இடம், இரு பக்கமும் பெரிய அண்டை வீட்டார். சயாமுக்கு ஆண்டுதோறும் 40 தாஹில் பொன் திறையாகச் செலுத்தினார்கள். அது காலத்தை வாங்கும் செலவு. 1405-இல் மலாக்காவின் தூதர்கள் மிங் பேரரசரிடம் போய்ச் சேர்ந்தார்கள். 1411-இல் பரமேஸ்வராவே குடும்பத்தோடும் 540-க்கும் மேற்பட்ட பரிவாரத்தோடும் சீனா சென்றார். செங் ஹோவின் கப்பல்கள் மலாக்காவில் தங்கிப் போயின. மலாக்காவைத் தொந்தரவு செய்யாதே என்று சயாமை மிங் அரசு எச்சரித்தது.

மலாக்கா அதோடு நின்றுவிடவில்லை. கிடைத்த காலத்தில் தன்னை வளர்த்துக்கொண்டது. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் சயாம் படையெடுத்து வந்தபோது, துன் பேராக் தலைமையில் மலாக்காவே எதிர்த்து நின்றது. ஆனால் 1511-இல் அபோன்சோ டி அல்புகெர்க்கின் கப்பல்கள் வந்தபோது, சீனாவிலிருந்து எந்தப் படையும் வரவில்லை. மலாக்கா வீழ்ந்தது.

நண்பன் நமக்குக் காலத்தை வாங்கித் தருவான். அந்தக் காலத்தில் சுவர் எழுப்ப வேண்டியது நாம்.

போர் வந்தே தீரும் என்றால்

எல்லாம் செய்தும் சில நேரம் போர் வரும். அப்போதும் கையைப் பிசைய வேண்டாம். கற்கட்டுக் கலையைக் கண்டுபிடித்து மதில் கட்டினால் இரண்டு நன்மைகள். நகரமே எதிரிமேல் அம்பு எய்யத் தொடங்கும். முற்றுகைக் கருவிகள் இல்லாத போர்வீரர்களால் மதிலை எளிதில் உடைக்கவும் முடியாது. குன்றிலோ காட்டிலோ நிற்கும் படைக்குத் தற்காப்பு வலிமை 3 கூடும். இரண்டு சுற்று அசையாமல் அரண் அமைத்து நின்றால் இன்னும் 6 கூடும். ஆற்றைக் கடந்து வந்து தாக்குகிறவருக்கு வலிமை குறையும். எனவே நகரத்தை ஆற்றுக்கு இந்தப் பக்கம், எதிரி அந்தப் பக்கம் இருக்கும்படி அமைப்பது நல்லது.

முக்கியமானது பொறுமை. போர் தொடங்கி 10 சுற்றுகள் ஆகும்வரை சமாதானம் பேச முடியாது. கணினி தன் படைகளை ஒன்றன்பின் ஒன்றாக மதிலில் மோதவிட்டு வீணாக்கும். நீங்கள் வெளியே ஓடிப்போய் வீரம் காட்டாமல் உள்ளேயே நின்று, வருகிற படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தால் போதும். பத்தாவது சுற்றுக்குப் பிறகு கதவைத் தட்டுங்கள். பல நேரங்களில் அவர்களே பொன் கொடுத்துச் சமாதானம் கேட்பார்கள்.

அவன் கேட்ட அடுத்த கேள்வி

தம்பியின் புது ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரராக வந்தவர் டோமிரிஸ். தம்பி முதல் சந்திப்பிலேயே தூதுக்குழு அனுப்பினான். மூன்று கவண்காரர்களை நிறுத்தினான். நட்பு அறிவித்தான். 70 சுற்று தாண்டியும் யாரும் தாக்கவில்லை. மகிழ்ச்சியில் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் திரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்:

“அப்ப, தனியா இருக்கிறவனத்தான் அடிப்பாங்களா?”

“ஆமா, பெரும்பாலும்.”

“ஸ்கூல்லயும் அப்படித்தான்.”

தமிழ்ப்பள்ளியில் அவனோடு ஆறு ஆண்டுகள் படித்த நண்பர்கள் வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். இவன் வகுப்பில் இவனுக்கு யாரும் இல்லை. ஓய்வு நேரத்தில் நூலகத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருப்பானாம். மூன்று பையன்கள் வந்து காசைப் பிடுங்குவார்களாம். பையை மறைத்து வைப்பார்களாம். படிவம் 1-இலிருந்தே நடக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் விடுதியிலிருந்து அழைக்கும்போதெல்லாம், “ஸ்கூல் எப்படிடா?” என்பேன். “ஓக்கேண்ணே” என்பான். அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன்.

எனக்கு உடனே ஒரு பயம் வந்தது. முதல் நாள் இரவு முழுக்க நான் அவனுக்கு என்ன சொன்னேன்? உன் படை பலவீனம், நகரத்தைத் தப்பான இடத்தில் வைத்தாய், அதனால்தான் அடி விழுந்தது என்றேன். அவன் அதைப் பள்ளிக்கும் பொருத்திப் பார்த்திருந்தால்? தப்பு தன்மேல்தான் என்று நினைத்திருந்தால்?

அதனால் சுட்டியை வாங்கி வைத்துவிட்டு, ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். விளையாட்டில் தாக்குவது ஒரு நிரல். அதைக் குறை சொல்ல முடியாது. ஆகவே நாம் எங்கே தவறினோம் என்று மட்டும் பார்க்கிறோம். பள்ளியில் காசைப் பிடுங்குகிறவன் நிரல் இல்லை. அவனுக்குத் தெரிந்தே செய்கிறான். தப்பு முழுக்க அவனுடையது. நீ மெலிந்திருப்பதும் தனியாக உட்கார்ந்திருப்பதும் தப்பு இல்லை.

விளையாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று மட்டும் உண்டு. தனியாகத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். அடி விழுவதற்கு முன்பே, விழுந்தால் உடனேயே, தூது அனுப்பு.

அன்று மாலை அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னோம். அம்மா அழுதார். அப்பா அதிகம் பேசவில்லை. பள்ளி திறந்ததும் அரை நாள் விடுப்பு எடுத்து, கட்டொழுங்கு ஆசிரியரைப் போய்ப் பார்த்தார். காசு பிடுங்குவது நின்றது. கேலி முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி இப்போது சதுரங்கக் கழகத்தில் சேர்ந்திருக்கிறான். அங்கே பக்கத்து வகுப்பு மலாய்ப் பையன் ஒருவன் நண்பனாகியிருக்கிறான். ஓய்வு நேரத்தில் இருவரும் கேண்டீனில் ஒரே மேசையில் உட்காருகிறார்களாம். படிக்கட்டுக்கு இப்போது போவதில்லையாம்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அப்பா, அம்மா, அக்கா, ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. என்னைப் போல வெளியூரில் படிக்கும் அண்ணன், அக்காவாக இருந்தால், “ஓக்கே” என்ற பதிலோடு தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். இன்னொரு கேள்வி கேளுங்கள். கணினித் தலைவர்கள் தங்கள் கணக்கைத் திரையில் காட்டிவிடுகிறார்கள். நம் வீட்டில் இருப்பவர்கள் அப்படிக் காட்டுவதில்லை.

போன வாரம் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். மீண்டும் டெய்ட்டி நிலை. மொண்டேசுமாவின் நாட்டுக்குப் பக்கத்தில் அவன் நகரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம், மதிலோடு, குன்றின்மேல் இரண்டு வில்லாளிகளோடு. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்.

“61-வது சுற்று. இன்னும் வரலண்ணே.”